பதினாறு முழுத்தாள்

உலகத்தில் அடியோடு உபயோகமற்ற பொருள் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது நேற்றைய தேதித்தாள்.

இதைக் கண்டுபிடித்தவர் ராஜபாண்டியன். சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியின் முதலாளி, வயது ஐம்பத்தெட்டு. கண்டுபிடிப்பை அவர் சும்மா விட்டுவிடவில்லை. கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது, ஆர்டர் கொடுக்க வந்த நகைக்கடைக்காரர்களிடம், ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே என்று பல இடங்களில் நிரூபித்திருக்கிறார். காலி பாட்டிலைக் கழுவி எண்ணெய் ஊற்றலாம். சிரட்டையை எரிக்கலாம். பழைய செருப்பைக்கூடப் புது வீட்டில் திருஷ்டிக்குக் கட்டலாம். நேற்றைய தேதித்தாளை என்ன செய்வது? நேற்று ராகு காலம் எப்போது என்று தெரிந்து இன்று யாருக்கு என்ன ஆகப்போகிறது?

"வேஸ்ட் பேப்பர்க்காரர் வாங்குறாரே?" என்று யாராவது குறுக்கே விழுந்தால் அதற்கும் பதில் இருந்தது. கூடைக்குள் விழுந்துவிட்டால் அது தேதித்தாள் இல்லை, வேஸ்ட் பேப்பர். வேஸ்ட் பேப்பர் பட்டாசுக் குழாய் உருட்ட ஆகும். சுவரிலிருந்து கிழித்த நொடிக்கும் கூடையில் விழும் நொடிக்கும் நடுவில், காற்றில் இருக்கும்போது மட்டும்தான் அது உலகத்திலேயே உபயோகமற்ற பொருள்.

ஆகவே அவர் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஆபீஸில் நுழைந்ததும், செருப்பைக் கழற்றி, சாமி படத்துக்குக் கும்பிடு போட்டு, மூன்றாவது காரியமாக நேற்றைய தாளைக் கிழித்து, திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலாக எறிவார். கூடை பின்னால் இருந்தது. பாதி நாள் தாள் கூடைக்குப் போய்ச் சேராது. கூடைக்கும் முதலாளிக்கும் நடுவில் தனுஷ்கோடி உட்கார்ந்திருந்ததே காரணம்.

தனுஷ்கோடி கம்பெனியின் புரூஃப் ரீடர். ராஜபாண்டியனின் அப்பா காலத்து ஆள், வயது எழுபத்தொன்று. வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கும் நல்ல நேரம், எமகண்டம், திதி, நட்சத்திரம், வாஸ்து நாள், வங்கி விடுமுறை எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சரிபார்ப்பவர். எறிந்த தாளை அவர் எட்டிப் பிடிப்பார். தப்பிவிட்டால் கூடையில் கைவிட்டு எடுப்பார். நீவி, கிளிப்பில் மாட்டி, பின்பக்கத்தில் போன் நம்பர், மாத்திரைப் பெயர், அடுத்த வருஷத்துக்கான திருத்தம் என்று எழுதிக்கொள்வார்.

"அண்ணாச்சி, ஊசிப்போன இட்லிய யாராச்சும் சேத்து வைப்பாகளா?" என்று ராஜபாண்டியன் வாரத்துக்கு மூன்று தடவையாவது கேட்பார்.

"நான் பாத்துத் திருத்துன இட்லி தம்பி" என்பார் தனுஷ்கோடி.

ஆபீஸே சிரிக்கும். தனுஷ்கோடி சிரிக்கமாட்டார். அவர் அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, சென்னையிலிருந்து பிரீத்திகா வந்து இறங்கினாள். ஓர் இசை ஆவணக் காப்பகத்தில் வேலை; முப்பது வயது இருக்கும். கையில் கேமரா, மடிக்கணினி, வெள்ளைப் பருத்திக் கையுறை இரண்டு ஜோடி. ராஜபாண்டியனின் அக்கா லட்சுமிகாந்தம் விட்டுப்போன காகிதங்களைப் பட்டியல் எடுக்க வந்திருந்தாள். சனிக்கிழமை வண்டி வரும். டிரங்குப் பெட்டிகள் மூன்றும் சென்னைக்குப் போகும்.

லட்சுமிகாந்தம் தம்பியைவிட எட்டு வயது மூத்தவர். கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் படித்தபோது பியானோ கற்றுக்கொண்டார். பெண்பிள்ளை பியானோ வாசிப்பதால் ஜாதகத்துக்கு ஒன்றும் ஆகாது என்று அப்பா இரண்டு ஜோசியர்களிடம் விசாரித்துவிட்டு, மலையில் ஒரு பங்களா ஏலத்துக்கு வந்தபோது அங்கிருந்த பியானோவை எடுத்து, பட்டாசு லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியில் ஏற்றிவிட்டார். லாரிக்காரர் எழுதிய சீட்டில் 'மேஜை, பெரியது, உள்ளே கம்பி' என்று இருந்தது. அந்தச் சீட்டு முதல் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. பிரீத்திகா அதற்குப் பட்டியலில் ஒன்றாம் எண் கொடுத்தாள்.

பியானோ கல்யாணச் சீரோடு விருதுநகர் போனது. பருப்பு மில் நடத்திய கணவர் இறந்தபின் லட்சுமிகாந்தத்தோடு திரும்பி வந்தது. அச்சுக்கூடத்துக்கு மேலே இருந்த பெரிய அறையில் அதை வைத்தார்கள்; இருபத்தாறு வருஷம் மேலே பியானோவும் கீழே ஆஃப்செட் மெஷினும் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் ஓடின. அந்த இருபத்தாறு வருஷத்தில் அவர் எழுதிய இசை உருப்படிகள் நூற்றுக்கு மேல். 'வேன் வரும் நேரம்', 'ஆனைக்குட்டம் மதகு', 'நனைந்த வெடி' என்று பெயர் வைத்திருந்தார். ரேடியோவில் இரண்டு தடவை வாசித்தார். இரண்டு தடவையும் ஊரில் கரண்ட் இல்லை. 2022 அக்டோபரில், மாரடைப்பு வந்து ஒரே நாளில் போய்விட்டார். போய் இரண்டு வருஷம் கழித்து, சென்னையில் யாரோ ஒரு பெண் கச்சேரியில் அவருடைய மூன்று உருப்படிகளை வாசிக்க, காப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. விலாசம் மாறி வந்துவிட்டதோ என்று ராஜபாண்டியன் உறையை மூன்று தடவை பார்த்தார்.

"இது என்னம்மா, கரண்டுக் கம்பில காக்கா வரிசையா உக்காந்த மாதிரி இருக்கு" என்றார், பிரீத்திகா விரித்து வைத்திருந்த இசைக்குறிப்பு நோட்டை எட்டிப் பார்த்து. "இதக் கொண்டுபோயி என்ன செய்வீக?"

"பத்திரமா வைப்போம் சார். அமிலம் இல்லாத அட்டைப் பெட்டில, இருபது டிகிரி குளிர்ல."

"இருபது டிகிரியா? எங்க வீட்டுல உசுரோட இருக்க ஆளுக்கே அது கெடச்சதில்ல."

புதன்கிழமை மதியம் பிரீத்திகா ஒரு பள்ளிக்கூட நோட்டோடு கீழே இறங்கி வந்தாள். லட்சுமிகாந்தத்தின் நாட்குறிப்பு, கடைசிப் பக்கம், 2022 செப்டம்பர் பதினொன்று. ராஜபாண்டியனின் மேஜை முன்னால் நின்று படித்தாள்.

"'பதினாறு தாளும் முடிந்தது. பெரிய தாளாக இருப்பதால் பக்கம் புரட்ட வேண்டியதில்லை. இரண்டு கையும் பியானோவிலேயே இருக்கும். நான் எழுதியதில் இதுதான் நல்லது. தம்பியிடம் சொல்லவில்லை. சீசன் நேரத்தில் தாள் எடுத்தேன் என்று கத்துவான்.'"

"நான் எங்க கத்துனேன்?" என்று ராஜபாண்டியன் கத்தினார்.

"சார், அந்தப் பதினாறு தாள் எதுலயும் இல்ல. மூணு பெட்டியும் பாத்துட்டேன், பியானோ உள்ளயும் பாத்துட்டேன். நூத்திப் பதினேழு உருப்படி இருக்கு. அவங்களே நல்லதுன்னு எழுதிவச்ச ஒண்ணு மட்டும் இல்ல."

"எழுதாமலே எழுதுனேன்னு போட்டிருப்பா."

"அவங்க அப்படி எழுதுற ஆளா சார்?"

ராஜபாண்டியன் யோசித்தார். அக்கா ஒப்புக்குக்கூடப் பொய் சொல்லாதவள்; ஊரில் அவளுக்கு அவ்வளவாகச் சிநேகிதிகள் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். "இந்தக் கம்பெனிக் கதவத் தாண்டி என் கண்ணுல படாம ஒரு தாளு வெளிய போயிராதும்மா" என்றார். "அது மட்டும் உறுதி."

அது உண்மைதான். தாள் வெளியே போகவில்லை.

பிரீத்திகா பைண்டிங் பகுதிக்குப் போய் விசாரித்தாள். அங்கே இருபது பெண்கள் தேதித்தாள்களை அடுக்கி, அட்டையில் தகரப் பட்டை வைத்து டின் அடித்துக்கொண்டிருந்தார்கள். அழகுமீனா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். தினமும் எம். புதுப்பட்டியிலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள். டின் அடிக்கும் வேலையில் இருபது வருஷம்.

"பெரியக்காவுக்குத் தாளு குடுத்தது நாந்தேன்" என்றாள்.

அவளை ஆபீஸுக்கு அழைத்து வந்தார்கள். ராஜபாண்டியன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன தாளு குடுத்த?"

"டெய்லி முழுத்தாளு மொதலாளி, வெட்டுறதுக்கு முந்தினது. மொத ஓட்டத்துல செவப்பும் கறுப்பும் சேராம வெலகி வருமே, அந்த வேஸ்ட்டு. பதினாறு வகையிலயும் ஒண்ணொண்ணு கேட்டாக. 'மீனா, மூஞ்சி எப்படி இருந்தாலும் சரி, முதுகு சுத்தமா இருக்கணும்'னாக."

"அதெல்லாம் இப்ப எங்கன?"

அழகுமீனா முதலாளியைப் பார்த்தாள். பிறகு பிரீத்திகாவைப் பார்த்தாள். பிறகு மறுபடி முதலாளியைப் பார்த்தாள்.

"மொதலாளிக்குத் தெரியுமே."

"எனக்கு என்ன தெரியும்?"

"பெரியக்காவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு மறுநாளு மாடி ரூமு ஒதுங்க வச்சோம்ல? பியானோ மேல ஒரு கட்டுத் தாளு இருந்துச்சு. அச்சடிச்ச பக்கம் மேல. நீங்க வந்து எண்ணிப் பாத்தீக. 'பதினாறும் இருக்கு, ஒரு செட்டு முழுசு. எம்புட்டு அழகா ஒரு காலண்டர் வேஸ்ட்டாப் போகப் பாத்துச்சு, கட்டிங்குக்கு அனுப்பு'ன்னீக."

அழகுமீனா முந்தானையைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தாள்.

"பின்னாடி என்னமோ எழுதியிருக்கு மொதலாளின்னேன். 'ஏத்தா, காலண்டருக்குப் பின்னாடி யாரு பாக்கப்போறா'ன்னீக. வெட்டி, அடுக்கி, நாந்தேன் டின் அடிச்சேன்."

"எந்தக் காலண்டர்?" என்றார் ராஜபாண்டியன். கேட்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கலர் சேராதத பார்ட்டிக்குக் குடுக்க முடியாதுன்னு நீங்களே ஆபீஸுல மாட்டிக்கிட்டீக. இருபத்திமூணாம் வருசத்துக் காலண்டர். அந்தா, அந்த ஆணிதேன்."

எல்லோரும் ஆணியைப் பார்த்தார்கள். அதில் இந்த வருஷத்துக் காலண்டர் தொங்கியது. சேராத கலரில் 2023-இன் ஜனவரி முதல் தேதி அங்கே தொங்கியதும், அதை இரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்குக் கிழித்ததும் ராஜபாண்டியனுக்கு நினைவு வந்தது. அதற்கடுத்த நாளும் கிழித்தார். ஞாயிறு லீவு என்பதால் திங்கட்கிழமைகளில் இரண்டு. அந்த வருஷம் அவருக்குக் காய்ச்சல்கூட வரவில்லை. ஒரு நாள் விடாமல் ஆபீஸ் வந்திருந்தார். அக்கா எழுதியதில் நல்லது என்று அக்காவே சொன்னதை முந்நூற்று அறுபத்தைந்து துண்டாக, திரும்பிப் பார்க்காமல், தோளுக்கு மேலாக எறிந்திருக்கிறார்.

பிரீத்திகா நாட்குறிப்பை மூடினாள். ராஜபாண்டியன் எதிர்பார்த்த திட்டைவிட அது மோசமாக இருந்தது.

அப்போது தனுஷ்கோடி கண்ணாடியைக் கழற்றாமலே, புரூஃபிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"இருபத்திமூணுதானே? அது தனியா இருக்கு."

"எது தனியா இருக்கு?"

"இருபத்திமூணு. மத்த வருசத்துத் தாளெல்லாம் எழுதிக் கிழிச்சுத் தீந்துபோச்சு. இதுல எழுத முடியல. பின்னாடி பூராக் கிறுக்கல். ஒரு போன் நம்பருக்குக்கூட எடமில்ல. தூக்கிப் போடலாம்னா முன்பக்கம் நான் திருத்துனது. அதான் கட்டி வச்சிட்டேன்."

"ஏன் அண்ணாச்சி எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தானே வந்தேன்? ஏப்ரல்ல நாலு தாளக் கையில எடுத்துக்கிட்டு உங்க மேசைக்கு வந்தேன். ஊசிப்போன இட்லின்னீக. போயிட்டேன்."

அவர் எழுந்து பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு முறுக்கு டின்னை எடுத்து வந்தார். உள்ளே பன்னிரண்டு கட்டு. மாதத்துக்கு ஒன்று, பைண்டிங் நூலால் கட்டியது. பிரீத்திகா கையுறை மாட்டிக்கொண்டு ஜனவரியைப் பிரித்து ஒரு தாளைத் திருப்பினாள். ஐந்து கோடு. அதன்மேல் காக்கைகள்.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாடி அறையில் பைண்டிங் மேஜை இரண்டைச் சேர்த்துப் போட்டார்கள். பிரீத்திகா ஜனவரி ஒன்று, இரண்டு, மூன்று என்று தேதிவாரியாகப் பின்பக்கம் தெரிய அடுக்கிக்கொண்டு போனாள். ஒன்று இன்னொன்றோடு ஒட்டவில்லை. ஒரு தாளின் ஓரத்தில் பாதிக் காக்கை. அடுத்த தாளின் ஓரத்தில் மீதிப் பாதி இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து மெதுவாகச் சொன்னாள்: "வரிசை தெரியலன்னா இது வெறும் முந்நூத்தி அறுபத்தஞ்சு துண்டுதான் சார். உருப்படின்னு பட்டியல்ல போட முடியாது. எங்க காப்பகக் கமிட்டி ஒத்துக்கமாட்டாங்க."

ராஜபாண்டியன் மேஜையைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் மூன்று மணி நேரமாகக் காணாமல் போயிருந்த முதலாளி திரும்பி வந்தார்.

"ஒண்ணுக்குப் பக்கத்துல ரெண்டு வைக்கீகளா? எந்தக் கம்பெனில அப்படி அச்சடிக்கான்? ஒரு முழுத்தாள்ல இருபத்திநாலு தேதி. குறுக்க ஆறு, நெடுக்க நாலு. பதினாறு வகைத் தாளு. பதினாறையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சு வெட்டுனா ஒவ்வொரு குவியல்லயும் பதினாறு நாளு வரிசையா விழணும், அப்பத்தான் அடுக்குறவுகளுக்குச் சுலபம். அப்ப மொதத் தாள்ல ஜனவரி ஒண்ணுக்குப் பக்கத்துல என்ன இருக்கும்?"

பிரீத்திகா விரல்விட்டு எண்ணத் தொடங்குமுன் அவரே சொன்னார்:

"பதினேழு! அடுத்தது பிப்ரவரி ரெண்டு. அடுத்தது பதினெட்டு. மார்ச் ஆறு. மார்ச் இருபத்திரெண்டு. பதினாறு பதினாறாத் தாவணும்மா. இதக்கூடச் சென்னைல சொல்லிக் குடுக்கலையா?"

அவரே குனிந்து ஆறு தாளையும் அச்சடித்த பக்கம் மேலாக வரிசையாக வைத்தார். பிறகு ஒரு வித்தைக்காரரின் தோரணையோடு ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

ஒட்டவில்லை.

மறுபடி பார்த்தார். ஜனவரி ஒன்றின் வலது ஓரத்தில் கோடு வெறுமையாக முடிந்தது. பதினேழின் இடது ஓரத்தில் பாதிக் காக்கை ஒன்று துணையில்லாமல் தொங்கியது. ராஜபாண்டியன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடியில் குற்றம் இல்லை.

வாசலில் நின்ற அழகுமீனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னத்தா சிரிப்பு?"

"ஒவ்வொண்ணாத் திருப்புனா ஆகுமா மொதலாளி? பெரியக்கா முழுத்தாளத் திருப்பிப் போட்டுல எழுதினாக. முழுத்தாளு திரும்பினா மார்ச்சு இங்கன வந்துரும், ஜனவரி அங்கன போயிரும்."

அவள் வந்து ஆறு தாளையும் இடம் வலமாக மாற்றி வைத்தாள். மார்ச் இருபத்திரண்டு, மார்ச் ஆறு, பிப்ரவரி பதினெட்டு, பிப்ரவரி இரண்டு, ஜனவரி பதினேழு, ஜனவரி ஒன்று. பாதிக் காக்கையும் பாதிக் காக்கையும் சேர்ந்து முழுக் காக்கையாயின. ஐந்து கோடு ஆறு தாளையும் ஒரே இழுப்பில் கடந்து போனது.

"நாப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன்" என்றார் ராஜபாண்டியன், யாரிடம் என்றில்லாமல்.

"முன்பக்கமா இருந்திருக்கீக" என்றாள் அழகுமீனா.

வியாழனும் வெள்ளியும் அந்த அறையில் அவர்கள் நான்கு பேரும் வேலை பார்த்தார்கள். தனுஷ்கோடி தேதியைச் சொல்வார், ராஜபாண்டியன் தாளை எடுப்பார், அழகுமீனா இடத்தில் வைப்பாள், பிரீத்திகா கோடு ஒட்டுகிறதா என்று பார்த்துப் படமெடுப்பாள். முந்நூற்று அறுபத்தைந்து தேதி போக மிச்சமான பத்தொன்பது இடங்களில் விளம்பரம் அச்சடித்திருந்தது. அந்தத் தாள்களை டிசம்பருக்குக் கீழே வைத்து டின் அடித்திருந்ததால் யாரும் கிழிக்கவில்லை. பழைய அட்டை ஸ்டோர் ரூமில் ஒரு டப்பாவுக்கு மூடியாக இருந்தது, பத்தொன்பதும் அதிலேயே இருந்தன. பத்து மணிக்கு ஒரு ஆர்டர் பார்ட்டி வந்து கீழே காத்திருப்பதாகச் சொன்னார்கள். "டீ குடுங்க" என்றார் ராஜபாண்டியன். பன்னிரண்டு மணிக்கும் அதையே சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒன்பது ஓட்டை மிஞ்சியது. மூன்றாவது தாளிலிருந்து பதினோராவது தாள்வரை, ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில்: மூன்றாவது வரி, இரண்டாவது துண்டு.

"செப்டம்பர் பதினாறுலேர்ந்து இருபத்திநாலு" என்றார் தனுஷ்கோடி. குரல் இறங்கியிருந்தது. "மக பிரசவத்துக்குக் கோவில்பட்டி போயிருந்தேன். ஒம்பது நாளு லீவு."

அந்த ஒன்பது தாளும் கூடைக்குள் போய், விதிப்படி வேஸ்ட் பேப்பராகியிருந்தன.

"செப்டம்பர் வேஸ்ட்டு எங்கூருக்குத்தேன் வரும்" என்றாள் அழகுமீனா. "குழாய் உருட்டியிருப்பாக. அந்தத் தீபாவளிக்கே வெடிச்சிருக்கும்."

பிரீத்திகா மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். பதினாறு முழுத்தாள், மையால் எழுதியது, தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கம், பின்னர் வெட்டப்பட்டு மறுபடி சேர்க்கப்பட்டது, ஒன்பது துண்டு கிடைக்கவில்லை. ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"சேதத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு சார். 'தெரியவில்லை'ன்னு போடலாம். நிறைய பேர் அப்படித்தான் போடுவாங்க."

ராஜபாண்டியன் மேஜையில் ஓட்டை விழுந்திருந்த இடத்தில் விரலை வைத்திருந்தார். அக்கா ஒப்புக்குக்கூடப் பொய் சொல்லமாட்டாள்.

"தம்பின்னு போடுங்க" என்றார்.

சனிக்கிழமை காலை, வண்டி வருவதற்கு முன்னால் பிரீத்திகா பியானோவைத் திறந்தாள். மூன்று வருஷமாக யாரும் தொடாத பியானோ. நடுவில் இரண்டு கட்டை அமுக்கினால் எழவில்லை. முதல் தாளின் இருபத்துநாலு துண்டையும் ஓர் அட்டையில் பொருத்தி முன்னால் சாய்த்து வைத்துக்கொண்டாள். பக்கம் புரட்ட வேண்டியிருக்கவில்லை. கீழே டீ நேரம், மெஷின்கள் நின்றிருந்தன.

வாசிக்க ஆரம்பித்தாள். இடது கை ஒரே சீராக அடித்துக்கொண்டே போனது. வலது கை அதன்மேல் ஏதேதோ செய்தது. அதற்கெல்லாம் ராஜபாண்டியனிடம் சொல் இல்லை. ஆனால் இடது கையைக் கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று எழுந்து நின்றார்.

"ஏம்மா, இது நம்ம ரெண்டாம் நம்பர் மெஷினுல்ல!"

பிரீத்திகா கையை எடுத்தாள்.

"நாலாவது அடி கொஞ்சம் பிந்தி விழுது பாத்தீகளா? அந்த ஆவணில பேரிங் தேஞ்சிருந்துச்சு. அப்ப ஓடுன சத்தம் அது." அவர் உட்கார்ந்தார். "அக்கா எறங்கி வந்து சொன்னா. 'ஏலே ராசு, உன் மெஷின் நொண்டுதுலே, பாருலே'ன்னா. பியானோக்காரிக்கு மெஷினப் பத்தி என்ன தெரியும்னு கேட்டேன். பத்து நாள்ல பேரிங் ஒடஞ்சு சீசன்ல ஒரு வாரம் மெஷின் நின்னுச்சு."

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க சார்?"

"ஒண்ணும் சொல்லல. மேல போயிட்டா." அட்டையிலிருந்த துண்டுகளைப் பார்த்து, "எழுதியிருக்கா" என்றார்.

பிரீத்திகா மூன்றாவது தாளை எடுத்து வைத்தாள். மூன்றாவது வரியில் இரண்டாவது துண்டுக்கு வந்ததும் இரண்டு கையையும் தூக்கினாள். காலால் தாளம் போட்டு, ஒரு துண்டு நேரம் சும்மா இருந்தாள். பிறகு மூன்றாவது துண்டிலிருந்து தொடர்ந்தாள்.

"அங்கனதேன் வெடிச்சிருச்சு" என்று அழகுமீனா தனுஷ்கோடியின் காதில் சொன்னாள்.

பதினொரு மணிக்கு வண்டி வந்தது. டிரங்குப் பெட்டி மூன்று, தட்டையான அட்டைப் பெட்டி ஒன்று. தனுஷ்கோடி தன் முறுக்கு டின்னை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார். ராஜபாண்டியன் டிரைவரிடம் போய், அட்டைப் பெட்டியின் மேல் எதையும் வைக்கக் கூடாது, மதுரை தாண்டி மேட்டுப்பள்ளத்தில் மெதுவாகப் போகவேண்டும், டீக்கு நிறுத்தினால் ஒரு ஆள் வண்டியிலேயே இருக்கவேண்டும் என்று மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை டிரைவர், "என்ன சார், உள்ள வெடியா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ராஜபாண்டியன் ஆபீஸில் நுழைந்தார். செருப்பைக் கழற்றினார். சாமி படத்துக்குக் கும்பிடு போட்டார். காலண்டருக்கு முன்னால் போய்ச் சனிக்கிழமையையும் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துக் கிழித்தார். பின்னால் தனுஷ்கோடி புரூஃபைப் பார்த்தபடியே, பழக்கத்தில் இடது கையைக் காற்றில் நீட்டினார்.

கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

ராஜபாண்டியன் முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தார். தாள்களைத் திருப்பினார். இரண்டும் வெறும் தாள். வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்தார். அப்போதும் வெறும் தாள்தான்.

"தம்பி, தாளு?" என்றார் தனுஷ்கோடி.

"கூடையில போட்டுட்டேன் அண்ணாச்சி."

தனுஷ்கோடி குனிந்து பார்த்தார். கூடையில் ஒரு வாழைப்பழத்தோலும் இரண்டு டீ கப்பும் கிடந்தன. நிமிர்ந்தார். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து, மிகவும் அவசரமான ஒரு போனை எடுத்து, யாரும் பேசாத போனில் "சொல்லுங்க, சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மெல்லிய வெள்ளைச் சட்டை. அதன் பை வழியாக ஞாயிற்றுக்கிழமையின் சிவப்பு எழுத்து நன்றாகத் தெரிந்தது.

தனுஷ்கோடி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அடுத்த வருஷத்து மார்ச் மாதத்தைத் திருத்தத் தொடங்கினார்.